கர்ஷித் நஃபஸ் என்றால் வயிற்று வலி இல்லை

காவிரி டெல்டாவிலிருந்து நைல் டெல்டாவுக்கு மருத்துவம் படிக்கப் போயிருக்கும் 21 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கல்லூரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

நீட் தேறினார். ஆனால் இங்கே அரசு இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. ஏஜென்ட் ஒருவர் மூலம் எகிப்தில் சேர்ந்தார். அத்தா (அப்பா) வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கினார். "பாடம் எல்லாம் இங்கிலீஷ்தான். அதுவும் ஓதத் தெரிஞ்ச பிள்ளை, அரபி தானா வந்துடும்" என்றாராம் ஏஜென்ட். மூன்று வருடம் பிரச்சினை இல்லை. அனாடமி, பிசியாலஜி எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். நான்காம் ஆண்டில் வார்டுக்குள் நுழைந்ததும் கதை மாறிவிட்டது.

வெளிநோயாளர் பிரிவில் ஒரு வயதான அம்மா, "கர்ஷித் நஃபஸ்" என்று சொல்லியிருக்கிறார். 'கிர்ஷ்' என்றால் தொப்பை என்பது இவருக்குத் தெரியும், அறைத்தோழிகள் கிண்டல் செய்யும்போது கேட்டது. 'நஃப்ஸ்' என்றால் ஆன்மா, மனசு என்பது சிறுவயதில் மதரஸாவில் படித்தது. இரண்டையும் கூட்டி, வயிற்றுக் கோளாறு, கூடவே மனக்கவலை என்று பேராசிரியரிடம் கேஸ் சொல்லிவிட்டார். அந்த அம்மா சொன்னதோ மூச்சிரைக்கிறது என்று. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பேராசிரியர் திட்டினார், கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு மாணவர், "முஸ்லிம்தானே நீ, அரபி தெரியாதா?" என்று கேட்டது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது என்கிறார்.

மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவருகிறார். பாஸ்போர்ட் ஏஜென்டின் ஆளிடம் இருக்கிறது. அந்த ஏஜென்டே இப்போது இரண்டு வழி சொல்கிறார்: 8 லட்சம் கொடுத்தால் இந்தியாவில் மூன்றாம் ஆண்டில் சேர்த்துவிடலாம், இல்லையென்றால் ஜார்ஜியாவுக்கு 'டிரான்ஸ்ஃபர்'. எதை எடுக்கலாம் என்பது கேள்வி. கடைசியில், கையெழுத்துக்கு மேலே, "சில நாள் விடியவே வேண்டாம்னு இருக்கு டாக்டர்" என்று ஒரு வரி.

நான் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்குகிறேன் அம்மா. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கலாம், என்னால் அப்படிப் படிக்க முடியாது. மூன்று வாரமாக அறையை விட்டு வெளியே போகாமல், பகலில் தூங்கி, இரவில் விழித்து, சாப்பாடு குறைந்து, விடிய வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அதைச் சோம்பல் என்றோ கோழைத்தனம் என்றோ சொல்லமாட்டேன். மனச்சோர்வின் அறிகுறிகள் இவை. இதே அறிகுறிகளோடு ஒரு நோயாளி வந்தால் நீங்களே அதைத்தான் எழுதுவீர்கள். இன்றைக்கே அறைத்தோழிகளில் ஒருவரிடம் இந்த வரியை அப்படியே சொல்லுங்கள். உங்கள் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். அந்த டாக்டர்கள் ஆங்கிலத்தில் படித்தவர்கள்தான், மொழிக்குப் பயப்பட வேண்டாம். இந்த வாரமே போங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வலுத்தால் தனியாக இருக்காதீர்கள், நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். படிப்பு, கடன், ஏஜென்ட் எல்லாம் அதற்கு அப்புறம்தான். தூக்கம் சரியாகும் வரை கல்லூரியை விடுவதா வேண்டாமா என்ற பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

சரி, இப்போது அரபிக்கு வருவோம்.

தெரிந்த அரபியும் தெரியாத அரபியும்

"எனக்கு அரபி வராது" என்று கடிதத்தில் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு யாரும் எகிப்து அரபியைக் கற்றுத் தரவே இல்லை. அப்புறம் வராமல் போனது எப்படி உங்கள் தோல்வி ஆகும்? மதரஸாவில் நீங்கள் கற்றது ஓதல். எழுத்தை உச்சரிப்புப் பிசகாமல் வாசிக்கும் பயிற்சி அது. அங்கே போய் டாலரில் கட்டணம் கட்டி மாலை வகுப்பில் படித்தீர்களே, அது ஃபுஸ்ஹா. செய்தி வாசிப்பிலும் புத்தகத்திலும் மேடையிலும் இருக்கும் அரபி. நைல் கரையில் எந்தத் தாயும் பிள்ளையை அதில் கொஞ்சுவதில்லை, எந்த நோயாளியும் அதில் வலியைச் சொல்வதில்லை. அவர்கள் பேசுவது ஆம்மிய்யா. ஃபுஸ்ஹாவில் காய்ச்சல் 'ஹும்மா', அங்கே 'சுகூனிய்யா'. இருமல் புத்தகத்தில் 'சுஆல்', வார்டில் 'கொஹ்ஹா'. இதயம் 'கல்ப்' என்று படித்திருப்பீர்கள். கெய்ரோக்காரர் வாயில் அந்தக் 'க' தொண்டைக்குள் விழுங்கப்பட்டு 'அல்ப்' என்று வரும். வலி 'வஜஅ' என்பது 'வகஅ' ஆகிவிடும். நாம் ஜமால் என்று எழுதும் பெயரை அங்கே கமால் என்கிறார்களே, கமால் அப்துல் நாசர், அதே கணக்கு.

இதில் தமிழராகிய நாம் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. எழுதுவது ஒரு தமிழ், பேசுவது வேறு தமிழ் என்று பிறந்ததிலிருந்து வாழ்கிறவர்கள் நாம். சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் 1959-ல் இப்படி இரண்டு அடுக்காக வாழும் மொழிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் விரிவாக எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளில் அரபி ஒன்று, அதுவும் எகிப்தின் அரபி. தமிழையும் அதே கட்டுரையில் இந்த வகையில் சேர்த்தார். தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்த ஒரு வெளிநாட்டு மாணவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நின்றால் என்ன ஆவார் என்று நினைத்துப் பாருங்கள். 'வயிற்றுப்போக்கு' என்று படித்துவிட்டு வந்திருப்பார். வரிசையில் நிற்கிறவர் "வயித்தால போவுதுங்க" என்பார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் வளர்ந்து, ஹவுஸ் சர்ஜனாகத் தெற்கே ஒரு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் நாள் ஒரு பெரியவர், "மேலுக்கு முடியல" என்றார். நான் அவர் தோளையும் தலையையும் தடவிப் பார்த்து, "மேலே எங்கே?" என்று கேட்டேன். 'மேலு' என்றால் உடம்பு என்று பக்கத்தில் இருந்த நர்ஸ் சொல்லித்தான் தெரியும். பெரியவருக்கு 103 டிகிரி காய்ச்சல். என்னையும் சிரித்தார்கள். தாய்மொழியிலேயே எனக்கு இந்தக் கதி என்றால், உங்களுடைய கர்ஷித் நஃபஸை நான் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வேனா? (உங்கள் ஊகத்தில் ஒரு தர்க்கம்கூட இருந்தது. தெரிந்த இரண்டு சொல்லை வைத்து அர்த்தம் கட்டியிருக்கிறீர்கள். மொழி கற்கிற எல்லாரும் செய்வதுதான்.)

ஆனால் ஒரு இடத்தில் உங்களைத் திருத்தியே ஆகவேண்டும். புரியாததைப் புரிந்ததுபோல் எழுதியது தவறு. மூச்சிரைப்போடு வந்தவரின் சீட்டில் வயிற்றுக் கோளாறு என்று எழுதி, மேலே யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேராசிரியர் திட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை. எல்லார் முன்னாலும் திட்டியதில்தான் வருத்தம். அடுத்த முறை வெட்கப்படாமல் "மிஷ் ஃபாஹ்மா" என்று சொல்லுங்கள். புரியலைங்க என்று அர்த்தம், பெண் சொல்லும் விதத்தில். "பி ராஹா", மெதுவா என்று கேளுங்கள். நோயாளி கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார், பாதி கேஸ் அதிலேயே வந்துவிடும்.

எகிப்தில் இந்தச் சிக்கலுக்கு வயது கிட்டத்தட்ட 200. முகம்மது அலி ஆட்சியில் 1827-ல் கெய்ரோவுக்கு அருகே அபூ ஸஅபலில் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, தலைமை ஏற்றவர் கிளோ பே என்ற பிரெஞ்சு டாக்டர். ஆசிரியருக்கு அரபி தெரியாது, மாணவருக்கு பிரெஞ்சு தெரியாது. நடுவில் மொழிபெயர்ப்பாளரை நிறுத்திப் பாடம் நடத்தினார்கள். அந்தப் பள்ளிதான் 1837-ல் கஸ்ர் அல் ஐனிக்கு மாறி இன்றைக்கு கெய்ரோ பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. ஆங்கிலம் பிரிட்டிஷ்காரர் காலத்தில் வந்து உட்கார்ந்தது. நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு: அமெரிக்காவிலிருந்து 1847-ல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன். தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார்.

நீங்கள் செய்யவேண்டியது சின்ன வேலை. ஃபுஸ்ஹா வகுப்பை இப்போதைக்கு நிறுத்துங்கள், பணமாவது மிஞ்சும். ஒரு பாக்கெட் நோட்டு வாங்கி, நோயாளி சொல்லும் சொல்லைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "பிதிஷ்திகி மின் ஏ?" என்ன தொந்தரவு? "இல் வகஅ ஃபேன்?" வலி எங்கே? கேள்விகள் முப்பது, நாற்பது போதும். பதில்களும் திரும்பத் திரும்ப வருகிறவைதான். சில சொல் உங்களுக்குச் சிரிப்பைக்கூட வரவழைக்கும்: நீரிழிவை அவர்களும் 'ஸுக்கர்', சர்க்கரை என்றுதான் சொல்கிறார்கள். ரத்த அழுத்தம் 'டஃக்த்', நம் 'பிரஷர்'தான். உங்களுக்கு அனாடமி நன்றாக வரும் என்கிறீர்கள். ஆங்கிலத்தில் தடுமாறும் எகிப்திய மாணவி ஒருவர் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார். தினம் ஒரு மணி நேரம் நீங்கள் அவருக்கு, ஒரு மணி நேரம் அவர் உங்களுக்கு. சிரித்தவர்களிலேயே ஒருவர் கிடைத்தாலும் பரவாயில்லை. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வார்டு நர்ஸ்கள். டெல்டா கிராமத்து நோயாளியின் பேச்சை அவர்கள்தான் உடைத்துச் சொல்வார்கள்.

மூன்று, நான்கு மாதத்தில் கேஸ் எடுக்கும் அளவுக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன். கவிதை எழுத வராது, அது தேவையும் இல்லை.

'முஸ்லிம்தானே' என்ற கேள்வி உங்களைக் குத்தியதற்குக் காரணம், அதற்குள் இருந்த உங்கள் சொந்தச் சந்தேகம். உலகத்தில் பெரும்பாலான முஸ்லிம்களுக்கு அரபி தாய்மொழி இல்லை. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அரபி எழுத்தில் தமிழை எழுதி வைத்தார்கள், அரபுத்தமிழ் என்று. அந்த மாணவருக்கு நேரம் கிடைத்தால் சொல்லுங்கள்.

8 லட்சமும் ஜார்ஜியாவும்

இங்கே நான் கொஞ்சம் கறாராகப் பேசவேண்டும். வெளிநாட்டில் பாதி படித்துவிட்டு இந்தியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் சேர வழியே கிடையாது. 8 லட்சத்துக்கும் கிடையாது, 80 லட்சத்துக்கும் கிடையாது. உக்ரைன் போரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிய மாணவர்களுக்கே இங்குள்ள கல்லூரிகளில் இடம் தரவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள். இந்தியாவில் படிக்கவேண்டும் என்றால் மறுபடி நீட் எழுதி முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கவேண்டும். ஏஜென்ட் உங்களிடம் கேட்பது இரண்டாவது கொள்ளை.

ஜார்ஜியா மாற்றல் அதைவிட ஆபத்து, ஏனென்றால் அது நடந்துவிடும். அங்கே ஏதோ ஒரு கல்லூரி உங்களைச் சேர்த்துக்கொள்ளலாம், பட்டமும் தரலாம். இந்தியாவுக்கு வந்து பதிவு செய்யும்போதுதான் கதவு மூடியிருப்பது தெரியும். 2021 நவம்பர் 18-ல் நடைமுறைக்கு வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளின்படி, வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே கல்லூரியில் இருக்கவேண்டும். 12 மாதப் பயிற்சியும் அதே கல்லூரியில். படித்த நாட்டில் டாக்டராகத் தொழில் செய்ய உரிமம் பெறும் தகுதியும் வேண்டும். இதெல்லாம் முடித்து வந்து, இங்கே தகுதித் தேர்வு தேறி, இன்னும் 12 மாதம் பயிற்சி. தேர்வு இப்போதைக்கு எஃப்எம்ஜிஇ: 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி, வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது.

அரபு நாடு என்றாலே ஒரே மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். டமாஸ்கஸில் மருத்துவத்தை அரபியிலேயே கற்பிக்கிறார்கள். துனிசியா, மொராக்கோவில் பிரெஞ்சு. ஆங்கில வழி என்ற விதியைப் பொறுத்தவரை எகிப்து உங்களுக்குச் சாதகமான இடம்தான். அங்கே 2018-லிருந்து சேர்ந்தவர்களுக்கு 5 வருடப் படிப்பு, 2 வருடப் பயிற்சி. அந்தப் பயிற்சியில் வெளிநாட்டு மாணவர்கள் எவ்வளவு முடிக்கவேண்டும், எங்கே முடிக்கவேண்டும், உரிமத்துக்கு என்ன தேவை என்பதை உங்கள் டீன் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

ஒரு நல்ல செய்தியும் இந்த விதியிலேயே இருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து 10 வருடத்துக்குள் முடித்தால் போதும். நீங்கள் இந்த வருடத்தைத் தவறவிட்டு மறுபடி படித்தாலும் 8 வருடம்தான் ஆகிறது. ஆகவே மனச்சோர்வுக்காக ஒரு இடைவெளி எடுப்பது உலகம் முடிகிற விஷயம் இல்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருப்பது வேறு, மருத்துவச் சான்றோடு முறைப்படி பதிவை நிறுத்திவைப்பது வேறு. 'ஈகாஃப் கைத்' என்று அங்கே சொல்வார்கள். மாணவர் விவகார அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் தங்கும் அனுமதி மாணவர் பதிவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதால், அந்த இடைவெளியில் அனுமதி என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

மருத்துவமே வேண்டாம், ஊருக்கு வந்து வேறு படிக்கிறேன் என்று முடிவெடுத்தால் நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். அது நேர்மையான முடிவு. ஆனால் கடன் அங்கேயே நிற்கும். பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். பாதியில் விட்டால் வங்கி அந்த அவகாசத்தைத் தராமல் போகலாம். 2024 மார்ச்சில் எகிப்து பவுண்டு விழுந்து, டாலருக்கு 31 என்று இருந்தது 50-ஐத் தொட்டதே, செலவு குறையவில்லையா என்று ஏஜென்ட் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வாடகையிலும் ரொட்டியிலும் கொஞ்சம் குறைந்திருக்கும். கட்டணத்தை டாலரில் கட்டுகிறவருக்கு அதில் என்ன லாபம்? மீதி இருக்கும் வருடங்களுக்கு எவ்வளவு ஆகும் என்பதை நீங்களே ரூபாயில் எழுதிப் பாருங்கள், அத்தாவோடு உட்கார்ந்து.

பாஸ்போர்ட்

இந்திய பாஸ்போர்ட் உங்களுடையதுகூட இல்லை, 1967-ம் வருடச் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. அதைப் பிணையாகப் பிடித்து வைக்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை கிடையாது. தங்கும் அனுமதி புதுப்பிக்கக் கொடுத்தால், வேலை முடிந்ததும் திரும்பி வந்துவிடவேண்டும். சண்டை போடாதீர்கள். "என் பாஸ்போர்ட்டையும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழையும் இந்தத் தேதிக்குள் தரவும்" என்று தேதி குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தரவில்லை என்றால் அந்தச் செய்தியின் படத்தோடு கெய்ரோவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். தூதரகம் என்று பேச்சு வந்தாலே பல ஏஜென்டுகளுக்குப் பாஸ்போர்ட் இருக்கும் அலமாரியின் சாவி கிடைத்துவிடுகிறது.

அத்தா

"அவருக்குத் தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சிடும்" என்கிறீர்கள். அவருக்கு எப்படியும் தெரியத்தான் போகிறது, 8 லட்சம் கேட்டு ஏஜென்ட் நேராக அவருக்கே போன் போடும் நாளில். அந்த வாயிலிருந்து கேட்பதா, உங்கள் வாயிலிருந்து கேட்பதா என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. முதலில் உம்மாவிடம் சொல்லுங்கள், அது உங்களுக்குச் சுலபம் என்று கடிதத்திலேயே தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவேண்டாம். உடம்புக்கும் மனசுக்கும் முடியவில்லை, டாக்டரைப் பார்க்கிறேன், மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை, ஏஜென்ட் பணம் கேட்டால் ஒரு பைசா கொடுக்கவேண்டாம். இந்த நான்கும் போதும், மீதியை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அத்தா கோபப்பட்டால் கொஞ்ச நேரம் படட்டும். அவருக்குத் தூக்கம் போனால், யாரிடமாவது பேசவேண்டும் என்று இருந்தால், இங்கே 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, தமிழில் பேசலாம்.

உங்கள் கடிதத்தின் ஒரு ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தீர்கள்: எல்லாரும் சிரித்தபோது அந்த வயதான அம்மா சிரிக்கவில்லை, உங்கள் கையைத் தட்டி "மஅலிஷ், யா பின்தி" என்றார். பரவாயில்லை மகளே. உங்களுக்கு அது புரிந்திருக்கிறது, யாரும் மொழிபெயர்க்கவில்லை.

முதலில் டாக்டரைப் பாருங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.